வெள்ளத்து வருஷத்துப் பிள்ளை

ஆகஸ்டு பதினைந்து மாதா மோட்சத்துக்குப் போன திருநாள். அது தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. சுதந்திரம் வந்து அதன்மேல் உட்கார்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1948-இல் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையிலும் விழுந்துவிட, சின்னோடைக் கோயிலில் காலைப் பூசை பார்த்த கூட்டத்தில் பாதி வீட்டுக்குப் போகாமல் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றது. சாயங்காலம் அரியலூர் ரயிலடி மைதானத்தில் பாட்டுக் கச்சேரி. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர்களுக்கும், திரும்பாதவர்களின் வீட்டாருக்கும் மேடையில் சால்வை போடுகிறார்கள் என்று நோட்டீசு வந்திருந்தது.

உபதேசியார் மரியசூசைக்குப் போக மனமில்லை. தலைவலி என்று சாமியாரிடம் சொல்லிப் பார்த்தார்.

"நீர்தானே பேரெல்லாம் எழுதி அனுப்பினீர்? நீரே கூட்டிக்கொண்டு போம்" என்று சாமியார் அங்கியைக் கழற்றிக்கொண்டே சொல்லிவிட்டார். சாமியார் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருகிறவர். மற்ற நாட்களில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, செத்தவர்களைப் புதைப்பது, கோயில் ஏடுகளை வைத்துக்கொள்வது எல்லாம் உபதேசியார் வேலை. ஊரில் யார் எப்போது பிறந்தார்கள், எப்போது செத்தார்கள் என்பது அவருடைய பீரோவில் இருந்தது.

கூட்டிப் போக வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருவன் மிக்கேல், பட்டாளத்தின் மண்வெட்டுப் படையான பயனியர் கம்பெனியில் மூன்று வருஷம் அஸ்ஸாம் மலையில் ரோடு போட்டுவிட்டு ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு வந்தவன். இன்னொருத்தி மரிய புஷ்பம். அவள் மகன் சின்னப்பராஜ் மிக்கேலோடு அதே கம்பெனியில் போனவன். நாற்பத்து நான்காம் வருஷம் ஆடி மழையில் மலை சரிந்து, அவனை வெளியே எடுக்கக்கூட முடியவில்லை என்று காகிதம் வந்தது.

கரிப்புகையில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டும். மிக்கேல் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டையில் இரண்டு மெடல் தொங்கிக்கொண்டிருந்தன, பின்பக்கம் வெளியே தெரிய.

"என்னடா, திருப்பிக் குத்தியிருக்க?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"விழாக் கமிட்டி ராசாங்கம் ஐயா சொல்லி அனுப்பிச்சாரு. இங்கிலீசு ராசா மூஞ்சி வெளிய தெரியக் கூடாதாம். மூணு வருசம் அவருக்கு மண்ணு வெட்டினேன். இப்ப அவரு எம் மாருல மூஞ்சிய வச்சு அழுதுக்கிட்டு வராரு."

பஸ்ஸே சிரித்தது. மரியசூசை சிரிக்கவில்லை.

"உபதேசியாரு ஏன் பொண்ணக் குடுத்த சம்பந்தியாட்டம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு? சால்வ எங்களுக்கு. உங்களுக்கு என்னா கவல?"

"தலவலிடா."

"தலயில இருக்குறத எறக்கி வச்சா சரியாப் போயிரும்."

சும்மா சொன்னதுதான். மிக்கேலுக்கு ஒன்றும் தெரியாது. இருந்தும் மரியசூசை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முன் இருக்கையிலிருந்து புஷ்பம் திரும்பினாள். வெளுத்த புடவை, கழுத்தில் செபமாலை, காதில் ஒன்றுமில்லை. "உபதேசியாரே, மேடயில அவம் பேரச் சொல்றப்ப ரெண்டு பேருக்கும் சேத்து வேண்டிக்கலாமுங்களா? பேரு ஒண்ணுதானே. பெரியவனுக்கும் போய்ச் சேருமில்ல?"

"சேரும்" என்றார் மரியசூசை.

புஷ்பத்துக்கு இரண்டு சின்னப்பராஜ்கள். மூத்தவன் கொள்ளிடம் கரையுடைத்த வருஷம், இருபத்து நான்கில், வெள்ளம் வடிந்த பதினைந்தாம் நாள் பிறந்தான். ஏழாம் மாதம் காய்ச்சலில் போனான். ஞானஸ்நானம் பெற்ற பச்சைக் குழந்தை செத்தால் அது சம்மனசு, தேவதூதன், அதற்கு அழக்கூடாது என்பார்கள். மரியசூசை அப்போதுதான் உபதேசியார் ஆனவர், இருபத்து நான்கு வயது. சின்னப் பெட்டியைத் தம் கையிலேயே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார். மரண ஏட்டில் அவர்தான் எழுதினார். இருபத்தேழில் அடுத்த பையன் பிறந்தபோது அவள் அதே பெயரைக் கேட்டாள்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கு பழகிப் போச்சுங்க. வேற பேரு வாயில வரமாட்டேங்குது."

அக்கம்பக்கத்துப் பெண்கள் வேண்டாமென்றார்கள். செத்தவன் பேர் சும்மா கிடக்காது, ஒரு நாள் வந்து தன் பங்கைக் கேட்கும் என்றார்கள். அஞ்ஞானப் பேச்சு பேசாதீர்கள் என்று மரியசூசைதான் அவர்களை அதட்டினார். வேதக்காரர் வீடுகளில் செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது புதிதல்ல. ஆகவே ஞானஸ்நான ஏட்டில் ஒரே தாய் தகப்பனுக்கு ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள். சின்னப்பர் என்பதற்கு லத்தீனில் பவுலுஸ், அதனால் ஏட்டில் இரண்டு பேரும் பவுலுஸ். அந்த ஏட்டில் பிறப்புதான் இருக்கும். செத்தது வேறு ஏட்டில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உயிரோடு இருக்கிறவன் எவன் என்று தெரியும். பார்க்காமலே தெரிந்த ஒரே ஆள் உபதேசியார்.

நாற்பத்து இரண்டு கார்த்திகையில் விக்கிரமங்கலத்துச் சந்தைத் திடலில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை, ஒரு ஜமேதார், ஒரு லாரி. மற்றப் பையன்களுக்குப் பல்லையும் மீசையையும் பார்த்து வயசு போட்டார்கள். வேதக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏடு இருந்தது. துரைக்கு அது பிடித்துப் போயிற்று. ஏட்டோடு வந்த உபதேசியாருக்கு ஒரு மடக்கு நாற்காலி போடச் சொன்னார். "மிஸ்டர் மரியசூசை" என்று கூப்பிட்டார். அந்தத் திடலில் மிராசுதார் வந்தால்தான் நாற்காலி வரும். மரியசூசையின் அப்பா அந்த மிராசுதார் களத்தில் கைகட்டி நின்று நெல் வாங்கியவர். சந்தைக்கு வந்த ஜனமெல்லாம் பார்க்க மரியசூசை உட்கார்ந்திருந்தார்.

அன்று காலை மூன்று பிள்ளைகளுக்கு வயசு காணாது என்று ஏட்டைப் பார்த்துச் சொன்னார். மூன்றாவது பையன் திரும்பிப் போனபோது துரை முகம் சுளித்தார். ஜமேதார் காதருகே குனிந்து, "ஒங்க ஊருல வளந்த பசங்களே கெடயாதா?" என்றான். நான்காவதாக வந்தவன் சின்னப்பராஜ். பதினைந்து வயசு. வயசுக்கு மீறின வளர்த்தி.

"தேதி பாத்துச் சொல்லுங்க உபதேசியாரே. அம்மாதான் ஒங்களக் கேக்கச் சொல்லிச்சு."

மரியசூசை இருபத்தேழாம் வருஷத்துப் பக்கத்தைத்தான் முதலில் எடுத்தார். விரல் அந்தப் பெயரில் நின்றது. பிறகு மூன்று நான்கு தாள் முன்னால் தள்ளி, வெள்ளத்து வருஷத்து பவுலுஸைப் பார்த்துத் தேதி எழுதினார். பதினெட்டு வயசு. முத்திரை வைத்தார். துரை, "தேங்க் யூ, மிஸ்டர்" என்றார். தவறிப் போய்த் தாள் புரண்டுவிட்டது என்று பிற்பாடு தமக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தாள் தானாகப் புரளவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் சொன்னார். மற்றப் பாவங்களுக்கு நடுவில் வைத்து, "ஒரு பொய் எழுதினேன் சாமி" என்றார். எத்தனை தடவை என்று சாமியார் கேட்டார். ஒரு தடவை என்றார். அபராதமாக மாதாவுக்குப் பத்து பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். எண்ணிப் பத்து சொன்னார். முறைப்படி அந்தப் பாவம் அதோடு தீர்ந்தது.

சாவுக் காகிதம் வந்த அன்று புஷ்பம் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. "பெரியவன் கூப்பிட்டுக்கிட்டான். அவம் பேர எடுத்து நாந்தான் இவனுக்கு வச்சேன். நாந்தான் கொன்னேன்" என்றாள். அன்றிலிருந்து நான்கு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லறைத் திருநாளில், தபசு காலத்தில், வழியில் பார்த்தால் நடுத்தெருவில். ஒவ்வொரு தடவையும் மரியசூசை, "சர்வேசுரனுடைய சித்தம் புஷ்பம்" என்பார். சொல்லிவிட்டு வேகமாக நடப்பார்.

ஆனி மாதம் விழாக் கமிட்டியிலிருந்து செத்தவர் விவரம் கேட்டுக் கார்டு வந்தபோது, பிறந்த வருஷம் என்ற இடத்தில் மறுபடியும் 1924 என்று எழுதினார். பட்டாளத்துக் காகிதத்தில் அதுதான் இருக்கிறது, மாற்றினால் கேள்வி வரும். பழைய பொய்க்குத் தோதாகப் புதுப் பொய் எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது.

மைதானத்தில் கூட்டம் ரயில் தண்டவாளம் வரை நின்றது. தார்ப் பீப்பாய்களை அடுக்கிப் பலகை போட்ட மேடை. கொடி. திருச்சியிலிருந்து வந்த மைக் செட்டின் குழாயை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். அது அடிக்கொரு தரம் கொக்கரித்தது. வெயில் இறங்குமுன்னே இரண்டு பெட்ரோமாக்ஸை ஏற்றிவிட்டார்கள். வேர்க்கடலைக்காரிகளும் வெற்றிலைக்காரர்களும் ஆளை மிதித்துக்கொண்டு போனார்கள்.

பட்டாளத்துக்காரர்களுக்கு மேடைக்கு முன்னால் பெஞ்சு. எல்லோருடைய மெடலும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒருவருக்கு மட்டும் சாய்வு நாற்காலி. அவர் மலேயாவில் இருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்.

"ஜப்பான்காரன் பக்கம் நின்னவருக்குச் சாய்மானம். எதுத்தாப்புல நின்னவனுக்குப் பலக" என்றான் மிக்கேல் பக்கத்து ஆளிடம். "நான் எந்தப் பக்கமும் நிக்கல. குனிஞ்சு மண்ணு வெட்டிக்கிட்டிருந்தேன். துப்பாக்கியே குடுக்கல, மம்பட்டிதான் குடுத்தான். அதயும் எண்ணி வாங்கிக்கிட்டுத்தான் வூட்டுக்கு வுட்டான். இப்ப வீரன்ங்குறாங்க. சரி, இருந்துட்டுப் போவோம்."

பெண்களுக்குக் கயிறு கட்டித் தனி இடம். புஷ்பம் கயிற்றோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மரியசூசை நின்றார். பெயர் வரும்போது அவளைக் கைகாட்டி மேடைக்கு அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு.

கமலவேணி பாடினாள். நாடகக் கம்பெனியில் பாடி ஓய்ந்தவள், இப்போது கதர்ப்புடவை. குரல் தடித்திருந்தது, ஆனால் மைக் இல்லாமலே கூட்ஸ் ஷெட் வரைக்கும் கேட்கும் குரல். கூட வந்த வேணுகோபாலின் ஆர்மோனியம் அவளுக்குப் பின்னால் ஓடி ஓடி வந்தது. தாய்நாட்டைப் பற்றி ஒன்று, ராட்டையைப் பற்றி ஒன்று, போர்முனையில் நின்ற பிள்ளைகளைப் பற்றி ஒன்று. மூன்றாவது பாட்டில் பெஞ்சிலிருந்த இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாயே அழாதே, உன் பிள்ளை மண்ணாகவில்லை, மண்ணே உன் பிள்ளையாயிற்று என்கிற மாதிரி வந்த அடியை அவள் நான்கு தடவை திருப்பிப் பாடினாள். மரியசூசை மேடைக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்தார். போய்விடலாம் என்று நினைத்தார். பெயர் வரும்போது கைகாட்ட ஆள் வேண்டும். புஷ்பம் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

சால்வை போட ஆரம்பித்தார்கள். ராசாங்கம் மைக்கைப் பிடித்தார். குட்டையான மனிதர். இரண்டு தடவை சிறை போனவர். பேச்சு என்றால் பசி தெரியாது. திரும்பி வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வரி. மிக்கேல் நொண்டிக்கொண்டு மேடையேறியபோது கைதட்டல் பலமாக இருந்தது. அவன் பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்துவிட, அது யாருக்கு என்று தெரியாமல் ராசாங்கம் கும்பிட்டார்.

பிறகு செத்தவர்கள். அட்டையைப் பார்த்து, ராசாங்கம் குரலை ஏற்றினார்.

"சின்னோடை சின்னப்பராஜ்! சகோதரர்களே, இந்த வீரன் எப்போது பிறந்தான் தெரியுமா? கொள்ளிடம் கரையுடைத்துக்கொண்டு வந்ததே, இருபத்து நாலாம் வருஷத்துப் பெருவெள்ளம், அப்போது பிறந்தவன்! நான் அன்றைக்குப் படகில் கஞ்சி கொண்டு போனவன், எனக்குத் தெரியும். வெள்ளம் கொண்டு போகாத அந்தப் பிள்ளையைப் பாரதத் தாய் கேட்டாள்! பெற்றவள் கொடுத்தாள்! அந்த வீரத் தாய் மரிய புஷ்பம் மேடைக்கு வரவேண்டும்!"

கைதட்டினார்கள். புஷ்பம் எழுந்திருக்கவில்லை. உருட்டிக்கொண்டிருந்த மணியோடு கை நின்றுவிட்டது. மெதுவாக மரியசூசையை நிமிர்ந்து பார்த்தாள்.

முடிந்தது, கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தார்.

"கேட்டீங்களா உபதேசியாரே?" என்றாள். "வெள்ளத்துல பொறந்தவன் பெரியவனில்ல? பெரியவனயில்ல படிக்கிறாங்க? சர்க்காருக்கே தெரிஞ்சு போச்சு பாருங்க. நாலு வருசமா நாஞ் சொன்னேன், நீங்க நம்பல. அவந்தான் வந்து நின்னிருக்கான். அவந்தான் எம் புள்ளயக் கையப் புடிச்சு இட்டுக்கிட்டுப் போயிருக்கான். நான் பேர வச்சு அவன எழுப்பி வுட்டுட்டேன். நாந்தான்..."

சின்னச் சத்தத்தில்தான் சொன்னாள். பக்கத்திலிருந்த பெண்கள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியசூசையின் வாயில் அந்த ஒரு வாக்கியம் தயாராக நின்றது. சர்வேசுரனுடைய சித்தம். இதுவரைக்கும் அவளுடைய நினைப்பு வெறும் நினைப்புத்தான். இப்போது அதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது, மைக் வைத்துச் சொன்ன அத்தாட்சி. இனி அவள் சாகிற வரைக்கும் இதிலிருந்து எழுந்திருக்க மாட்டாள். அந்த அத்தாட்சியை எழுதிக் கொடுத்தவரும் அவரேதான்.

கயிற்றைத் தாண்டிக் குந்தி உட்கார்ந்தார்.

"பெரியவன் இல்ல புஷ்பம். நான்."

"என்னாங்க?"

"அந்தத் தேதிய நாந்தான் எழுதினேன். சின்னவனுக்கு வயசு காணாது. பெரியவன் தேதியப் போட்டு பதினெட்டுன்னு எழுதிக் குடுத்தேன். தெரிஞ்சேதான் எழுதினேன். அவனப் பொதச்சவனே நாந்தான், எனக்குத் தெரியாதா? இந்தக் கார்டுலயும் அதயே எழுதிட்டேன். அதான் அவரு படிக்கிறாரு. வேற ஒண்ணுமில்ல. எவனும் எழுந்து வரல."

தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. சுண்ணாம்புக்கல் வண்டி, நீளமானது. ராசாங்கம் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வண்டி முழுக்கப் போய் முடிகிற வரைக்கும் புஷ்பம் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பொஸ்தகத்த நம்பித்தான் நான் அவனப் போவச் சொன்னேன்" என்றாள். "ராவெல்லாம் மல்லுக்கு நின்னான். வேணாம்னு சொன்னா சொல்லாம ஓடிருவான்னு தெரியும். சரி, போயி உபதேசியாரக் கேளுன்னேன். கோயிலு ஏடு பொய் சொல்லாது, வயசு காணாதுன்னு அவரு சொல்லிருவாரு, தொர தொரத்தி வுட்டுருவான், எம் மேல கோவமில்லாம வூடு வந்து சேந்துருவான்னு இருந்தேன். சாயந்தரத்துக்குச் சோறு வடிச்சு வச்சிருந்தேன். லாரிதான் போச்சு."

மரியசூசைக்கு இது தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாதான் கேட்கச் சொல்லிச்சு என்று பையன் சொன்னதை, அவளும் அனுப்பத்தான் நினைத்தாள் என்று அவர் அர்த்தம் பண்ணிக்கொண்டு, ராத்திரிகளில் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருந்தார். இப்போது அதுவும் போயிற்று.

"எதுக்கு எழுதினீங்க?"

அவர் யோசித்தார். பஞ்சம், யுத்தம், துரையின் அதிகாரம், பையனின் ஆசை. சொல்வதற்கு எல்லாமே இருந்தது. பொய் சொல்லி அலுத்திருந்தது.

"நாக்காலி போட்டாங்க. மிஸ்டர்னு கூப்பிட்டாங்க. மூணு பேரத் திருப்பி அனுப்பிட்டேன். நாலாவதும் இல்லன்னு சொன்னா எழுந்திரின்னு சொல்லிருவாங்களோன்னு இருந்துச்சு."

"நாக்காலிக்கா?"

"ஆமா."

"அம்மா மரிய புஷ்பம்! சின்னோடை! எங்கே இருக்கிறார்கள்?" என்று குழாய் கத்தியது.

அவள் எழுந்திருக்கவில்லை. கை மட்டும் நீண்டு மேடையைக் காட்டியது.

"நீ போ" என்றாள். இருபத்து நான்கு வருஷத்தில் அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. "போய் அதுல சொல்லு. எம் புள்ள வயசச் சொல்லு. பெரியவன எடுத்துட்டு எம் புள்ளயச் சொல்லு."

மரியசூசை போனார். பீப்பாய்ப் பலகை அவர் காலடியில் ஆடியது. ராசாங்கம் அவரைத் தெரிந்துகொண்டு, "உபதேசியார் வருகிறார், அந்தத் தாயின் சார்பில் இரண்டு வார்த்தை!" என்று மைக்கை அவர் பக்கம் திருப்பினார். முன்னால் தலை தலையாகக் கூட்டம். பெஞ்சில் மிக்கேல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"வயசு தப்பு" என்றார் மரியசூசை. தம் குரல் வேப்பமரத்திலிருந்து வருவதைக் கேட்டுத் திகைத்து, மறுபடி சொன்னார். "சின்னப்பராஜ் இருபத்து நாலுல பொறக்கல. இருபத்தேழுல பொறந்தவன். பட்டாளத்துக்குப் போறப்ப அவனுக்குப் பதினஞ்சு வயசு."

எங்கோ ஒருவன் கைதட்டினான். அது பரவியது. இதுவரை யாருக்கும் தட்டாத தட்டு. மைதானமே தட்டியது.

"கேட்டீர்களா!" ராசாங்கம் மைக்கைத் தம் பக்கம் இழுத்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "பதினைந்து வயசு! மீசை முளைக்காத பாலகன்!"

"நான் பொய்யா எழுதிக் குடுத்தேன்" என்று மரியசூசை இடையில் புகுந்து கத்தினார். "நாந்தான் பொய் வயசு போட்டேன்!"

"போட்டார்! வயசைக் கூட்டிப் போட்டார்!" என்றார் ராசாங்கம். "அந்தப் பிள்ளை காலில் விழுந்து கேட்டிருப்பான், இவர் என்ன செய்வார்? தேசபக்தி முன்னால் ஏடு என்ன செய்யும்?"

"கேக்கல. அவன் அப்படிக் கேக்கல" என்றார். அது மைக்கில் விழவில்லை. கூட்டம் ஜே போட்டது. யாரோ ஒரு சால்வையை எடுத்து அவர் தோளில் போர்த்தினார்கள். சரிகைக் கரை போட்ட சால்வை. அதைத் தள்ளிவிடக் கையைத் தூக்கினார். கும்பிடுகிறார் என்று எண்ணி முன்வரிசையில் இருந்தவர்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள். கமலவேணி இதுதான் சமயம் என்று பாட்டை எடுத்துவிட்டாள். ஆர்மோனியம் அவள் பின்னால் ஓடியது.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று எத்தனையோ பேருக்கு அவர் புத்தி சொல்லியிருக்கிறார். இறங்கவில்லை. அதன்மேல் ஒரு சால்வையும் ஏறிக்கொண்டது.

கயிற்றோரம் திரும்பி வந்தபோது மிக்கேல் பெஞ்சை விட்டு எழுந்து வந்து புஷ்பத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் அவனிடம் சொல்லிவிட்டிருந்தாள். அவன் மரியசூசையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"அவன் சின்னப் பயன்னு அங்க எங்க எல்லாருக்குமே தெரியும். மம்பட்டி தூக்குனா சாயந்தரம் கை வீங்கிரும். நான் ரெண்டு கூட மண்ணு அள்ளிப் போட்டு அவன் கணக்க நேர் பண்ணுவேன். அவனா பொய் சொல்லிட்டு வந்திருக்கான்னுதான் நெனச்சேன். கேட்டா, இல்லண்ணே, உபதேசியாரு பாத்துத்தான் எழுதினாரு, எனக்கே இப்பத்தான் வயசு தெரிஞ்சுதும்பான். ஏட்டுல இருந்தா சரியாத்தான் இருக்கும்பான்."

மரியசூசை சால்வையை மடித்துப் புஷ்பத்திடம் நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள்.

"அது ஒங்களுக்குப் போட்டது" என்றாள். மறுபடி மரியாதை வந்துவிட்டிருந்தது.

பாட்டு முடிந்து கூட்டம் கலைய ஆரம்பித்தது. பஸ்காரன் ரோட்டிலிருந்து ஹாரன் அடித்தான். அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அப்ப, நான் வச்ச பேருனால இல்ல."

"இல்ல புஷ்பம்."

"பெரியவன் ஒண்ணும் செய்யல."

"அவன் பச்சப் புள்ள. சம்மனசு. அவன் என்னா செய்வான்?"

அவள் தலையை ஆட்டினாள். நான்கு வருஷமாக அவள் முகத்தில் இறுகிக் கிடந்தது ஏதோ கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் மரியசூசை வாங்கிக்கொண்டிருப்பார். இதைப் பார்க்க முடியவில்லை. இல்லை என்கிற ஒரே வார்த்தை. இதை எந்தத் தெருவில் வேண்டுமானாலும், எந்த நாள் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். கையில் வைத்துக்கொண்டே நான்கு வருஷம் அவளுக்குச் செபம் சொல்லியிருக்கிறார்.

"உபதேசியாரே."

"சொல்லும்மா."

"இனிமே எங்க வூட்டுக்குச் செபஞ் சொல்ல வராதீங்க. எஞ் சாவுக்கும் வராதீங்க."

"புஷ்பம், சாமியாரு அன்னிக்கு ஊருல இருக்க மாட்டாரு. யாராச்சும் செபம் படிச்சுத்தானே எடுக்கணும்."

"மிக்கேலு படிப்பான்."

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும் அத்த" என்றான் மிக்கேல்.

"மொள்ளப் படி. எனக்கென்னா அவசரம்?"

இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். அவன் நொண்டலுக்குத் தக்கபடி அவள் நடையைக் குறைத்துக்கொண்டாள். மரியசூசை பத்தடி விட்டுப் பின்னால் போனார். பஸ்ஸில் ஏறினவள் படியில் நின்று திரும்பி, "நீங்க அடுத்த வண்டியில வாங்க" என்றாள்.

அடுத்த வண்டி மறுநாள் காலையில்தான். அது அவளுக்கும் தெரியும். அவர் சரி என்று தலையாட்டினார்.